பெரிலியத் துண்டையும் எழுதுங்கள்: தமிழில் அறிவியல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். நாளிதழ்களின் ஞாயிறு இணைப்பிலும் சிறுவர் இதழ்களிலும் யூடியூபிலும் தமிழில் துகள் இயற்பியல் சொல்கிற உங்கள் எல்லோருக்கும் பொதுவாகவே இதை எழுதுகிறேன். நான் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவன். முதலாண்டில் வந்து உட்காரும் பிள்ளைகளில் பலர் புரோட்டானுக்குள் இருக்கும் குவார்க் என்ற நுண்துகளின் பெயரை உங்கள் புண்ணியத்தில்தான் கேட்டுவிட்டு வருகிறார்கள். அந்த நன்றியோடு ஒரு மனத்தாங்கலையும் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் எழுதினாலும் பேசினாலும் கதை ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது: ஜெனீவா, எல்எச்சி என்ற மாபெரும் துகள் முடுக்கியின் 27 கிலோமீட்டர் சுரங்கம், எதிரெதிரே பாயும் இரண்டு புரோட்டான் கற்றைகள், ஹிக்ஸ் போசான். இதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் இதை மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளையிடம் குவார்க் வகைகளில் ஒன்றான சார்ம் குவார்க்கை எங்கே கண்டுபிடித்தார்கள் என்று கேட்டால், யோசிக்காமல் "எல்எச்சியில்" என்கிறது. எல்எச்சியில் முதல் கற்றை சுற்றியதே 2008-ல்தான். சார்ம் வெளிப்பட்டது 1974-ல், அதைவிடக் கனமான பாட்டம் குவார்க் 1977-ல். பாட்டம் முழுக்கவும், சார்ம் சரிபாதியும், ஓர் உலோகத் துண்டை நிறுத்தி வைத்து அதன்மேல் புரோட்டானைப் பாய்ச்சிய ஆய்வுகளின் விளைச்சல். நிலை இலக்கு ஆய்வு என்று பாடநூலில் ஒரே வரியில் போய்விடும் சங்கதி அது. அந்த ஒரு வரியைப் பிரித்து எழுதுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நிலை இலக்கு என்றதும் எல்லோரும் கையில் எடுக்கும் உவமை ஒன்று உண்டு. நிற்கும் லாரியில் இன்னொரு லாரி வந்து இடித்தால் சேதம் குறைவு, இரண்டும் எதிரெதிரே வந்து இடித்தால் சேதம் அதிகம். சரிதான். 800 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் (இனி ஜிஇவி) ஆற்றலுள்ள புரோட்டான் நிற்கும் புரோட்டானில் மோதினால், புதுத் துகள் படைக்க மிஞ்சுவது சுமார் 39 ஜிஇவி. மீதியெல்லாம் மோதலில் பிறந்தவற்றை முன்னோக்கித் தள்ளுவதில் போய்விடும். அதே ஆற்றலை 400, 400 என்று பிரித்து எதிரெதிரே விட்டால் 800-ம் கைக்கு வரும். நீங்கள் இங்கே கட்டுரையை முடித்துவிடுகிறீர்கள். படிக்கிறவருக்கு நிலை இலக்கு என்பது காசில்லாதவன் செய்கிற வேலை போலத் தோன்றிவிடுகிறது. பிறகு ஏன் அமெரிக்காவின் ஃபெர்மிலேப் 2000-ஆம் ஆண்டின் தொடக்கம் வரை 800 ஜிஇவி கற்றையை உலோகத்தில் அடித்துக்கொண்டே இருந்தது? அதை யாரும் கேட்பதில்லை.

காரணம் இரண்டு. ஒன்று, எண்ணிக்கை. சார்ம் இணை (ஒரு சார்மும் அதன் எதிர்த்துகளும்) ஒன்றைப் படைக்க நாலு ஜிஇவி இருந்தால் போதும், பாட்டம் இணைக்குப் பதினொன்று. 39 என்பது தாராளம். பஞ்சம் ஆற்றலில் இல்லை, வாய்ப்பில்தான். அந்த ஆற்றலில் ஏறக்குறைய ஆயிரம் மோதலுக்கு ஒன்றில்தான் சார்ம் பிறக்கும். பாட்டமோ பத்து லட்சத்துக்கு ஒன்று என்ற அளவில். எதிரெதிரே வரும் இரண்டு கற்றைகளும் ஏறக்குறைய வெற்றிடம்தான். பெரும்பாலான புரோட்டான்கள் ஒன்றையொன்று தொடாமலே கடந்துபோகும். ஒரு கன சென்டிமீட்டர் பெரிலியத்திலோ 10²³-க்கும் மேல் அணுக்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. அடிக்கிற புரோட்டான் எதிலாவது படும்.

இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் பிடித்தது. வீணாகிறது என்று நீங்கள் கணக்கில் கழித்துவிடுகிற அந்த முன்னோக்கிய வேகமே இங்கே மூலதனம். ஒரு குவார்க்கும் ஓர் எதிர்-குவார்க்கும் பிணைந்த துகளுக்கு மேசான் என்று பெயர். சார்ம் கொண்ட டி-ஜீரோ மேசானின் ஆயுள் 0.41 பிக்கோ செகண்டு (பிக்கோ என்றால் லட்சம் கோடியில் ஒரு பங்கு). ஒளியின் வேகத்தில் போனாலும் அதற்குள் 0.12 மி.மீ.தான் கடக்க முடியும். ஆனால் நிலை இலக்கிலிருந்து 60 ஜிஇவி ஆற்றலோடு புறப்படும் டி-ஜீரோவுக்கு, சார்பியல் கணக்கில் ஆயுள் முப்பது மடங்குக்கு மேல் நீள்கிறது. சராசரியாக நாலு மி.மீ. ஓடி, பிறகு சிதைகிறது. மின்னூட்டமுள்ள டி-பிளஸ் என்றால் ஒரு சென்டிமீட்டர். பிறந்த புள்ளியும் இறந்த புள்ளியும் தனித்தனியாக, அளவுகோல் வைத்து அளக்கிற தூரத்தில் நிற்கும்.

இனி 1974-க்கு வருகிறேன். நியூயார்க்கை ஒட்டிய புரூக்ஹேவன் ஆய்வகத்தில் சாமுவேல் டிங்கின் குழு, முப்பது ஜிஇவிக்குச் சற்றுக் குறைவான புரோட்டான் கற்றையைப் பெரிலியத் துண்டுகளில் பாய்ச்சியது. தேடியது, எலக்ட்ரானும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானும் ஜோடியாக வருகிற அபூர்வ மோதல்களை. அந்த ஒரு ஜோடிக்காக ஒவ்வொரு துடிப்பிலும் லட்சம் கோடிக் கணக்கில் புரோட்டான்களை அடிக்க வேண்டியிருந்தது. அத்தனை கதிர்வீச்சுக்கு நடுவே கருவிகளும் ஆட்களும் பிழைக்க வேண்டுமே. பத்தாயிரம் டன் கான்கிரீட், நூறு டன் ஈயம், அதற்கும் மேலே ஐந்து டன் போராக்ஸ் சோப்பு. நியூட்ரானை நிறுத்த ஹைட்ரஜனும் போரானும் வேண்டும். இரண்டும் மலிவாகக் கிடைத்தது சோப்பில். நோபல் பரிசு பெற்ற ஆய்வுக்கூடத்தின் கூரையில் ஐந்து டன் சோப்பு! இதை ஏன் ஒருவரும் எழுதுவதில்லை என்று எனக்கு ஆச்சரியம். கடைசியில் ஜோடிகளின் நிறையைக் குறித்த வரைபடத்தில் 3.1 ஜிஇவியில் ஊசி மாதிரி ஒரு முகடு எழுந்தது. அதே துகளைக் கலிஃபோர்னியாவில் பர்ட்டன் ரிக்டரின் குழு எலக்ட்ரான்-பாசிட்ரான் கொலைடரில் (இரு கற்றைகளை எதிரெதிரே மோதவிடும் எந்திரத்தில்) பிடித்திருந்தது. 1974 நவம்பர் 11-ல் இருவரும் சேர்ந்து அறிவித்தார்கள். ஜே/சை என்ற இரட்டைப் பெயர் அப்படி வந்ததுதான். ஒரு சார்மும் ஓர் எதிர்-சார்மும் பிணைந்த துகள் அது. 1976-ல் இருவருக்கும் நோபல்.

டிங்கின் கதையைச் சொல்கிறவர்கள் கூடவே சொல்ல வேண்டிய கதை ஒன்று இருக்கிறது. 1968-ல், அதே புரூக்ஹேவனில், அதே முடுக்கியில், லியான் லெடர்மன் யுரேனிய இலக்கில் புரோட்டானை அடித்து, எலக்ட்ரானின் கனமான உறவான மியுவானின் ஜோடிகளை எண்ணினார். மற்ற துகள்களை வடிகட்ட, இலக்குக்குப் பின்னால் தடித்த எஃகு. மியுவான் மட்டும் அதைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். வரும்போது எஃகுக்குள் அங்குமிங்கும் சிதறி, தன் திசையையும் ஆற்றலையும் கொஞ்சம் தொலைத்துவிட்டு வரும். விளைவு, 3 ஜிஇவி அருகே வரைபடம் கீழே இறங்கும் வழியில் ஒரு தோள்பட்டை போலப் புடைத்து நின்றது. முகடு தெரியவில்லை. அது என்னவென்று கோட்பாட்டாளர்கள் ஆளுக்கொரு விளக்கம் சொன்னார்கள். அந்தத் தோள்பட்டைக்குள் ஜே/சை படுத்திருந்தது.

புரோட்டான் அதே புரோட்டான். ஆற்றல் ஏறக்குறைய அதே ஆற்றல். வேறுபட்டது, இலக்குக்குப் பின்னால் என்ன வைத்தார்கள் என்பது. டிங் எலக்ட்ரானைத் தேர்ந்தெடுத்து, எஃகை எடுத்துவிட்டு, ஒவ்வொரு ஜோடியின் நிறையையும் மிகத் துல்லியமாக அளந்தார். "பெரிய எந்திரம் வந்தால் பெரிய கண்டுபிடிப்பு வரும்" என்ற வாய்ப்பாட்டை நாம் பிள்ளைகள் தலையில் ஏற்றிக்கொண்டே இருக்கிறோம். அதை உடைக்க இதைவிடத் தோதான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

லெடர்மன் சும்மா இருக்கவில்லை. சிகாகோ அருகே ஃபெர்மிலேபில் ஈ-288 என்ற ஆய்வைத் தொடங்கி 400 ஜிஇவி புரோட்டான்களை அடித்தார். 1976-ல் எலக்ட்ரான் ஜோடிகளில் 6 ஜிஇவி அருகே சில நிகழ்வுகள் குவிய, புதுத் துகள் என்று அப்சிலான் என்ற பெயரையும் முன்வைத்தார்கள். கூடுதல் தரவு வந்ததும் குவியல் கரைந்துபோனது. "ஊப்ஸ்-லியான்" என்று சக இயற்பியலாளர்கள் கேலி செய்தார்கள். குழுவில் ஜான் யோ என்பவர் 9.5 ஜிஇவி பக்கம் ஏதோ இருக்கிறது என்று பிடிவாதமாக நம்பி, ஒரு ஷாம்பெய்ன் பாட்டிலில் 9.5 என்று எழுதி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டார். 1977 வசந்தத்தில் மியுவான் ஜோடிகளை எண்ண, அதே 9.5-ல் முகடு எழுந்தது. மே மாதம் கூடத்தில் தீவிபத்து வேறு. அதிலிருந்தும் மீண்டு ஓடினார்கள். ஜூன் 30-ல் ஃபெர்மிலேப் அரங்கில் அறிவிப்பு. கைவிட்ட அப்சிலான் என்ற பெயரே இதற்குப் போனது. ஒரு பாட்டமும் ஓர் எதிர்-பாட்டமும் பிணைந்த துகள் அது. பாட்டம் குவார்க் இப்படித்தான் உலகுக்கு வந்தது. ஆய்வுக் கட்டுரையில் கையெழுத்திட்டவர்கள் 16 பேர். இன்றைய எல்எச்சி கட்டுரைகளில் ஆயிரக்கணக்கானவர்கள் பெயர் வருகிறது. அதைக் குறை சொல்லவில்லை; ஆனால் பதினாறு பேர் ஒரு குவார்க்கைக் கண்டுபிடித்தார்கள் என்பது ஒரு கல்லூரி மாணவனுக்குத் தரும் தெம்பே வேறு.

கண்டுபிடிப்போடு உங்கள் கதை முடிந்துவிடுகிறது. உண்மையில் வேலை அதற்குப் பிறகுதான். சார்ம் துகள் ஒவ்வொன்றும் எவ்வளவு காலம் வாழ்கிறது, எப்படியெல்லாம் சிதைகிறது, எந்தக் கற்றையிலிருந்து எவ்வளவு பிறக்கிறது என்று அடுத்த இருபது ஆண்டுகள் அளந்தார்கள். துகள்களின் தடங்களை நுட்பமாகக் காட்டும் சிலிக்கான் பட்டை உணர்கருவிகள் வந்தது திருப்புமுனை. 1985-ல் தரவெடுத்த ஃபெர்மிலேபின் ஈ-691 சுமார் பத்தாயிரம் சார்ம் சிதைவுகளைச் சேர்த்தது. 1991-92-ல் ஈ-791 இரண்டு லட்சத்தைத் தாண்டியது. 1996-97-ல் அங்கேயே ஓடிய ஃபோகஸ் ஆய்வு பத்து லட்சத்தைக் கடந்தது.

இதில் ஈ-791-ன் இலக்கை மட்டும் தயவுசெய்து ஒருமுறை படம் வரைந்து காட்டுங்கள். முன்னால் அரை மி.மீ. கனத்தில் ஒரு பிளாட்டினத் தகடு. அதன்பின் 1.6 மி.மீ. கனத்தில் நான்கு வைரத் தகடுகள். ஒவ்வொன்றுக்கும் இடையே ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளி. மொத்தமாக ஒரே கட்டியாக வைத்தால் என்ன குறை? டி மேசான் சில மி.மீ. ஓடிச் சிதையும் என்று மேலே சொன்னேன். கட்டிக்குள்ளேயே சிதைந்தால், அது சிதைவா, அல்லது முதல் மோதலில் பிறந்த வேறொரு துகள் பக்கத்து அணுவில் மோதியதா என்று பிரிக்க முடியாது. தகடுகளாக வைத்தால் டி மேசான் தகட்டை விட்டு வெளியேறி வெறும் காற்றில் சிதையும். காற்றில் ஒரு புள்ளியிலிருந்து மூன்று தடங்கள் விரிந்தால் அது பெரும்பாலும் சிதைவுதான். காலியான அந்த இடைவெளியே அங்கே கருவியாக வேலை செய்கிறது. இந்தத் தகடுகளில் 500 ஜிஇவி பையான் (மிக இலேசான மேசான்) கற்றையை அடித்து 2,000 கோடி மோதல்களை 24,000 நாடாக்களில் பதிந்தார்கள். வீட்டு வீடியோ கேமராவில் போடுகிற அந்த 8 மி.மீ. வகை நாடாதான். அதைக் கணினியில் ஓட்டி முடிக்கவே ஆண்டுகள் ஆயின. அந்த வேலையில் ரியோ டி ஜெனிரோவிலுள்ள பிரேசில் ஆய்வு மையத்துக்கும் பெரிய பங்கு. முடுக்கி கட்ட வசதியில்லாத நாடுகள் முன்வரிசைக்கு வர நிலை இலக்கு ஆய்வுகள் வாசல் திறந்தன.

அந்த நாடாக்களிலிருந்து வந்த ஒரு முடிவு விசித்திரமானது. அடிக்கும் பையானில் ஒரு டவுன் குவார்க்கும் ஓர் எதிர்-அப் குவார்க்கும் உண்டு (அப், டவுன் இரண்டும் இலேசான குவார்க் வகைகள்). டி-மைனஸ் மேசானில் இருப்பது டவுனும் எதிர்-சார்மும். டி-பிளஸ்ஸில் சார்மும் எதிர்-டவுனும். எளிய கோட்பாட்டின்படி சார்மும் எதிர்-சார்மும் சமமாகப் பிறக்கின்றன, ஆகவே இரண்டு மேசான்களும் சமமாக வர வேண்டும். வரவில்லை. கற்றையின் திசையில் வேகமாக முன்னே பாய்கிறவற்றில் டி-மைனஸ் கூடுதல். பிறந்த எதிர்-சார்ம், பக்கத்தில் பாய்ந்துகொண்டிருக்கும் பையானின் டவுன் குவார்க்கோடு ஒட்டிக்கொள்கிறது. தாய்த் துகளின் குவார்க் குழந்தையின் உடம்பில் அப்படியே போய்ச் சேருகிறது. கனமான குவார்க் பிறப்பதைக் கணக்கிட நமக்குத் தெரியும். அது மேசானாக உடுத்திக்கொள்வதை முழுதாகக் கணக்கிட இன்றும் தெரியாது. இந்த எல்லைக்கோட்டை இவ்வளவு தெளிவாகக் காட்டும் அளவீடுகள் குறைவு.

இன்னொன்று, இலக்கின் உலோகத்தை மாற்றிப் பார்த்த ஆய்வுகள். கரு எவ்வளவு பெரிதோ அதே விகிதத்தில் திறந்த சார்ம் (டி மேசான் போல, சார்ம் வேறு வகைக் குவார்க்கோடு சேர்ந்த துகள்கள்) பிறக்கிறது. ஆனால் ஜே/சை அப்படியில்லை. ஃபெர்மிலேபின் ஈ-772, 800 ஜிஇவி புரோட்டானைக் கார்பன், கால்சியம், இரும்பு, டங்ஸ்டன் என்று மாற்றி மாற்றி அடித்து, ஜே/சை எண்ணிக்கை அணுநிறை எண்ணின் 0.92 அடுக்குப்படி கூடுகிறது என்று 1991-ல் காட்டியது. அடுக்கு 1-க்கும் 0.92-க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். டங்ஸ்டனுக்குக் கணக்குப் போட்டால் எதிர்பார்த்ததில் மூன்றில் ஒரு பங்கு காணவில்லை. கடும் வெப்பத்தில் புரோட்டானும் நியூட்ரானும் உருகி, குவார்க்குகளும் அவற்றைப் பிணைக்கும் குளுவான்களும் கட்டவிழ்ந்து கிடக்கும் குவார்க்-குளுவான் குழம்பு உருவானால் அதற்குள் ஜே/சை கரைந்துவிடும் என்று 1986-ல் மாட்சுயியும் சாட்ஸும் சொல்லியிருந்தார்கள். 2000 பிப்ரவரியில் ஜெனீவாவின் செர்ன் ஆய்வகம் புதிய பருப்பொருள் நிலைக்குச் சான்று கிடைத்ததாக அறிவித்தபோது, காட்டிய சான்றுகளில் ஒன்று ஈயக் கருக்களின் மோதலில் குறைந்துபோன ஜே/சை. அந்த ஆய்வும் நிலை இலக்குதான். குழம்பே இல்லாத சாதாரண டங்ஸ்டனில் எவ்வளவு குறையும் என்று தெரியாமல் ஈயத்தில் குறைந்ததைப் பற்றி யாரும் வாய் திறக்க முடியாது.

தோற்றவர்களையும் எழுதுங்கள். ஹாம்பர்க்கில் ஹீரா-பி என்று ஓர் ஆய்வு. 920 ஜிஇவி புரோட்டான் கற்றையின் ஓரத்தில் மெல்லிய கம்பிகளை நீட்டி, சிந்துகிற புரோட்டான்களை மட்டும் அதில் மோதவிட்டார்கள். பாட்டம் மேசான்களில் பொருளுக்கும் எதிர்ப்பொருளுக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் அளப்பதுதான் குறி. அந்தக் கதிர்வீச்சைத் தாங்காமல் வாயு உணர்கருவிகள் பழுதாகி, சீர்செய்து, நாள் தள்ளிக்கொண்டே போனது. 2001-ல் அமெரிக்காவின் பாபார், ஜப்பானின் பெல் என்ற இரண்டு ஆய்வுகளும் அதை அளந்து முடித்துவிட்டன. ஹீரா-பி 2003-ல் நின்றது. ஆனால் பாட்டம் எவ்வளவு பிறக்கிறது என்று அது அளந்த எண் இன்றும் பயன்படுகிறது.

ஃபெர்மிலேபின் செலெக்ஸ் ஆய்வு 2002-ல் இரண்டு சார்ம் கொண்ட பேரியானை (மூன்று குவார்க்குகள் சேர்ந்த துகளை) கண்டதாக அறிவித்தது. நிறை 3,519 எம்இவி (ஆயிரம் எம்இவி ஒரு ஜிஇவி). ஃபோகஸ், பாபார், பெல் யாருக்கும் அது கிடைக்கவில்லை. 2017-ல் எல்எச்சியில் ஓடும் எல்எச்சி-பி ஆய்வு அதன் மின்னூட்டம் மாறிய உறவைக் கண்டுபிடித்தது, நிறை 3,621. அப்படிப்பட்ட இரண்டு உறவுத் துகள்களுக்கு நிறையில் சில எம்இவிதான் வித்தியாசம் இருக்க முடியும், நூறு இருக்க முடியாது. ஆக செலெக்ஸ் கண்டது வேறு ஏதோ. என் கருத்தைக் கேட்டால், வகுப்பில் ஹிக்ஸைவிட இதற்கு அதிக நேரம் ஒதுக்குவேன்.

பழங்கதை என்று நினைத்து ஒதுக்க வேண்டாம். எல்எச்சியின் உள்ளேயே இன்று நிலை இலக்கு ஓடுகிறது. கற்றையின் உருவத்தை அளப்பதற்காக எல்எச்சி-பி குழு குழாய்க்குள் கொஞ்சம் வாயுவை விட ஏற்பாடு செய்திருந்தது. அந்த வாயுவிலேயே புரோட்டான் மோதுகிறதே, அதை ஏன் அளக்கக்கூடாது என்று யாருக்கோ தோன்றியது. ஹீலியத்திலும் ஆர்கானிலும் பிறந்த சார்மை அளந்து 2019-ல் வெளியிட்டார்கள். 2020-ல் 20 சென்டிமீட்டர் நீளத்தில் வாயுக்குழல் ஒன்றையே பொருத்திவிட்டார்கள். இப்போது இரு கற்றை மோதலும் வாயு மோதலும் ஒரே நேரத்தில் பதிவாகின்றன. புரோட்டானுக்குள்ளேயே சார்ம் குடியிருக்கிறதா என்ற 1980 முதலான சண்டைக்கும், விண்ணிலிருந்து வரும் எதிர்-புரோட்டான்களின் கணக்குக்கும் இந்த எண்கள் வேண்டும். பிந்தையதை விண்வெளி நிலையத்திலிருந்து அளக்கும் ஏஎம்எஸ் கருவியின் தலைவர் யார் தெரியுமா? அதே சாமுவேல் டிங்.

செர்ன் 2024-ல் ஒப்புதல் தந்த ஷிப் ஆய்வும் 400 ஜிஇவி புரோட்டானைக் கனமான இலக்கில் அடிப்பதுதான். அங்கே பிறக்கும் சார்ம் மேசான்களின் சிதைவில், மூவகை நியூட்ரினோக்களில் ஒன்றான டவ் நியூட்ரினோவும், இருந்தால் இதுவரை காணாத துகள்களும் வரும். டவ் நியூட்ரினோவை 2000-ல் ஃபெர்மிலேபின் டோனட் ஆய்வு முதன்முதலில் பிடித்ததும் இதே வழியில், டங்ஸ்டனில் பிறந்த சார்மிலிருந்துதான்.

நம் ஊர் இதழுக்கு ஏற்ற செய்தி வேண்டுமென்றால் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டுக்குப் போங்கள். அங்கே எழும்பிவரும் ஃபேர் முடுக்கி வளாகத்தில் இந்தியா பங்குதாரர். சிபிஎம் என்ற நிலை இலக்கு ஆய்வின் மியுவான் கருவியில் கொல்கத்தாவின் விஇசிசி முடுக்கி மையமும் போஸ் நிறுவனமும் வேலை செய்கின்றன. ஜே/சை பிறக்க, நிற்கும் புரோட்டானில் மோதும் புரோட்டானுக்குச் சுமார் 12 ஜிஇவி வேண்டும். அங்கே தங்கக் கருவின் ஒவ்வொரு நியூக்ளியானுக்கும் (புரோட்டானோ நியூட்ரானோ) கிடைக்கப்போவது 11. வாசலுக்கு ஒரு படி கீழே நின்றுகொண்டு சார்மைத் தேடப்போகிறார்கள். கருவுக்குள் நியூக்ளியான்கள் சும்மா நிற்காமல் அலைந்துகொண்டே இருப்பதாலும், ஒரே கருவில் பல மோதல்கள் அடுத்தடுத்து நடப்பதாலும் அந்த ஒரு படியை ஏறிவிட வாய்ப்புண்டு. எவ்வளவு பேர் ஏறுகிறார்கள் என்பதுதான் கேள்வி. அங்கே போகும் ஆய்வு மாணவர் ஒருவரைப் பிடித்துப் பேசினால் எந்த இதழுக்கும் நாலு பக்கம் கிடைக்கும்.

உங்களில் யாராவது இதில் எதையாவது எடுத்து எழுத முன்வந்தால், அச்சுக்குப் போகும் முன் அனுப்புங்கள். எண்களையும் அலகுகளையும் சரிபார்த்துத் தருகிறேன். ஜிஇவியும் எம்இவியும் இடம் மாறிப் போவது நம் இதழ்களில் வாடிக்கையாகிவிட்டது. படம் வரைகிறவர்களுக்கு ஈ-791 தகடுகளின் அளவுகளை மேலே கொடுத்திருக்கிறேன். இடைவெளியைத் தகட்டின் கனத்துக்கு ஏற்ற விகிதத்தில் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்களை விடாமல் படிக்கும் ஓர் இயற்பியல் ஆசிரியர்